இல்லமும் இபாதத்தும்: அஸ்மா பின்த் அபூபக்கர் (ரலி)

ஒரு தாயின் நாள் ஸுப்ஹு பாங்குக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வீட்டில் எல்லோரும் உறங்கிய பின்னர்தான் அது முடிகிறது. இடையில் அடுப்பங்கரை, கைக்குழந்தை, பள்ளிக்குப் போகும் பிள்ளை, முதியவர்களின் தேவை, திடீரென வந்து நிற்கும் விருந்தாளி என வேலைகள் வரிசையாகக் காத்து நிற்கின்றன. ளுஹருக்குப் பாங்கு சொல்லும் நேரம் பார்த்து மடியில் குழந்தை அழுகிறது. குர்ஆன் ஷரீபை எடுத்து நிம்மதியாக ஓதி எத்தனை நாளாயிற்று என்று எண்ணி ஏங்காத தாய்மார்கள் நம் இல்லங்களில் குறைவே.

இந்த ஏக்கம் நல்ல ஏக்கம்தான். ஈமான் குடிகொண்ட உள்ளத்திலன்றி அது பிறக்காது. ஆயினும் இந்த ஏக்கத்தின் ஊடே இரண்டு தவறான எண்ணங்கள் நுழைந்துவிடுவதுண்டு. குடும்பக் காரியங்கள் வேறு, இபாதத் வேறு. ஒன்றைச் செய்தால் மற்றொன்று கைநழுவிப் போகும் என்பது முதல் எண்ணம். இரண்டையும் செய்து முடிக்கத் தன் உடலை எவ்வளவு வருத்தினாலும் தகும், நோயை மறைப்பதும் பசியைப் பொறுப்பதும்தான் ஒரு நல்ல தாய்க்கு அழகு என்பது இரண்டாவது எண்ணம். இவ்விரண்டுமே நம் மார்க்கம் காட்டித் தந்த வழியல்ல.

அப்படியாயின் வழி எது? அதை வாழ்ந்து காட்டியவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் தோழியர். அவர்களுள்ளும் கர்ப்பிணியாய், வறிய இல்லத்தின் தலைவியாய், பல பிள்ளைகளின் தாயாய், நோயாளியாய், கண்பார்வை மங்கிய மூதாட்டியாய், ஷஹீதைப் பெற்ற அன்னையாய் ஏறத்தாழ நூறாண்டுகள் வாழ்ந்த ஒரு பெருமாட்டியின் வரலாறு நமக்கு மிக நெருக்கமானது. அவர்கள்தாம் ஹஜ்ரத் அஸ்மா பின்த் அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்கள்.

ஸித்தீக்கின் மூத்த மகள்

ஹிஜ்ரத்துக்கு 27 ஆண்டுகளுக்கு முன் மக்கா நகரில் அஸ்மா (ரலி) அவர்கள் பிறந்தார்கள். தந்தை அபூபக்கர் ஸித்தீக் (ரலி) அவர்கள். தாயார் பெயர் குதைலா. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குத் தந்தை வழியில் மூத்த சகோதரி. சுமார் பத்து வயது மூத்தவர்கள் எனச் சரித்திர ஆசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். தந்தையின் இல்லத்தில் இஸ்லாத்தின் ஒளி பரவியபோதே அதை ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுக்கு முன் இஸ்லாத்தைத் தழுவியிருந்தவர்கள் பதினேழு பேர்தாம் என்று கூறப்படுகிறது.

பாட்டனார் அபூகுஹாபா (ரலி), தந்தை அபூபக்கர் (ரலி), தாம், தம் மகன் அப்துல்லாஹ் (ரலி) என நான்கு தலைமுறையினர் நாயகத்தின் தோழமையைப் பெற்ற குடும்பம் அது. இத்தகைய பாக்கியம் வேறு குடும்பங்களுக்குக் கிடைப்பது அரிது.

இடுப்புக் கச்சு இரண்டான நாள்

கி.பி. 622-ம் ஆண்டு. பெருமானார் (ஸல்) அவர்களும் ஸித்தீக் (ரலி) அவர்களும் மக்காவை விட்டு மதீனா நோக்கிப் புறப்படும் வேளை வந்தது. பயணத்துக்கான உணவை வீட்டில் அவசர அவசரமாகத் தயாரித்தார்கள். உணவுப் பையையும் தண்ணீர்த் துருத்தியையும் கட்டுவதற்குக் கயிறு கிடைக்கவில்லை. அஸ்மா (ரலி) அவர்கள் தம் இடுப்பில் கட்டியிருந்த கச்சை அவிழ்த்து இரண்டாகக் கிழித்தார்கள். அதைக் கொண்டே கட்டிக் கொடுத்தார்கள். இரு கச்சுகளை உடையவர் என்னும் பொருள்பட 'தாத்துந் நிதாகைன்' என்ற சிறப்புப் பெயர் அன்றுதான் அவர்களுக்கு வாய்த்தது.

தௌர் குகையில் தங்கிய மூன்று இரவுகளுக்குப் பின் பயணம் தொடர்ந்தது. இங்கே மக்காவில் குறைஷியர் வீடு தேடி வந்தனர். தந்தை எங்கே என்று கேட்ட அபூஜஹ்லுக்கு அஸ்மா (ரலி) அவர்கள் பதில் தர மறுத்தார்கள். அவன் ஓங்கி அறைந்த அறையில் அவர்களின் காதணி தெறித்து விழுந்தது. அப்போதும் அந்த இரகசியம் வெளிவரவில்லை.

அதே நாட்களில் வீட்டுக்குள்ளும் ஒரு சோதனை எழுந்தது. ஸித்தீக் (ரலி) அவர்கள் தம்மிடமிருந்த ஐயாயிரம் அல்லது ஆறாயிரம் திர்ஹம் அளவிலான பணம் முழுவதையும் நபியவர்களின் தேவைக்கென எடுத்துச் சென்றுவிட்டார்கள். பார்வையிழந்த முதியவரான அபூகுஹாபா அவர்கள், மகன் தானும் போய்ப் பணத்தையும் கொண்டுபோய்க் குடும்பத்தைத் தவிக்கவிட்டானோ என்று கலங்கினார்கள். அப்போது அவர்கள் இஸ்லாத்தில் சேர்ந்திருக்கவில்லை. அஸ்மா (ரலி) அவர்கள் வழக்கமாகப் பணம் வைக்கும் மாடத்தில் சிறு கற்களை வைத்துத் துணியால் மூடினார்கள். பாட்டனாரின் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார்கள். தடவிப் பார்த்த முதியவர் மனம் ஆறினார். உண்மையில் வீட்டில் ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் முதியவரின் உள்ளம் உடையாமல் காக்கப்பட்டது.

ஒரே வாரத்தில் மார்க்கத்துக்காகக் கன்னத்தில் அறை வாங்கிய அதே பெண்மணிதான், வீட்டிலிருந்த முதியவரின் மனத்துக்கும் மருந்து தேடினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தீனுக்கான பணி ஒருபுறம் நடக்க, குடும்பத்தை மறுபுறம் மறந்துவிடுவது அவர்கள் அறியாத ஒன்று.

குபாவில் பிறந்த குழந்தை

நாயகத்தின் மாமி ஸஃபிய்யா (ரலி) அவர்களின் மகன் ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களே அஸ்மா (ரலி) அவர்களின் கணவர். சுவர்க்கத்துக்கு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் ஒருவர். ஹிஜ்ரத்துக்கான தருணம் வந்தபோது அஸ்மா (ரலி) அவர்கள் நிறைமாதக் கர்ப்பிணி. அந்த நிலையிலேயே மக்காவிலிருந்து மதீனா வரையிலான நெடும் பாலைவழியைக் கடந்தார்கள். மதீனாவின் எல்லையிலுள்ள குபாவை அடைந்து அங்கே ஓர் ஆண் குழந்தையை ஈன்றெடுத்தார்கள்.

பிறந்த குழந்தையை எடுத்துக்கொண்டு அண்ணலாரின் சமுகம் சென்றார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் குழந்தையைத் தம் மடியில் வைத்து, ஒரு பேரீச்சம் பழத்தை மென்று அதன் வாயில் இட்டு, பரக்கத்துக்காக துஆச் செய்தார்கள். அப்துல்லாஹ் என்று பெயர் சூட்டினார்கள். அந்தக் குழந்தையின் வயிற்றுக்குள் முதலில் இறங்கியது அண்ணலாரின் உமிழ்நீர்தான். மதீனாவில் முஹாஜிர்களுக்குப் பிறந்த முதல் குழந்தை அது. முஹாஜிர்களுக்கு இனிக் குழந்தையே பிறக்காது என்றொரு வதந்தி உலவிக்கொண்டிருந்த நேரம். ஆகவே அந்தப் பிறப்பைக் கண்டு முஸ்லிம்கள் அனைவரும் மகிழ்ந்து தக்பீர் முழங்கினர். ஒரு தாயின் பேறுகாலம் ஒரு சமுதாயத்துக்கே பெருநாளாக அமைந்தது.

தலையில் சுமந்த கொட்டைகள்

ஆனால் வாழ்க்கை வசதியாக இருக்கவில்லை. மணமுடித்தபோது ஸுபைர் (ரலி) அவர்களிடம் நிலமோ, பொருளோ, பணியாளோ கிடையாது. தண்ணீர் இறைக்கும் ஓர் ஒட்டகமும் ஒரு குதிரையுமே சொத்து. குதிரைக்குத் தீனி வைப்பது, தண்ணீர் கொண்டு வருவது, கிழிந்த தோல் வாளியைத் தைப்பது, மாவு பிசைவது என எல்லா வேலைகளும் அஸ்மா (ரலி) அவர்களுடையவை. எல்லாவற்றிலும் குதிரையைப் பராமரிப்பதே தமக்கு மிகக் கடினமாக இருந்தது என்று பிற்காலத்தில் அவர்களே ஒளிவின்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

பின்னர் நாயகம் (ஸல்) அவர்கள் ஸுபைர் (ரலி) அவர்களுக்கு ஒரு நிலத்தை வழங்கினார்கள். அது வீட்டிலிருந்து சுமார் இரண்டு மைல் தொலைவில் இருந்தது. அங்கிருந்து பேரீச்சங் கொட்டைகளைப் பொறுக்கித் தலைச்சுமையாகக் கொண்டு வருவார்கள். அவற்றை இடித்துக் கால்நடைக்குத் தீனியாக வைப்பார்கள். மக்காவின் செல்வந்தர்களுள் ஒருவரான அபூபக்கரின் மகள், மதீனாவின் வெயிலில் கொட்டை மூட்டையைத் தலையில் சுமந்து நடந்தார்கள்.

இந்த நிகழ்ச்சியை எடுத்துச் சொல்லும் பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். பார், அஸ்மா (ரலி) எப்படிச் சுமந்தார்கள், நீயும் சுமக்கக் கூடாதா என்று வீட்டுப் பெண்களைக் கேட்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ள அந்த அறிவிப்பை முழுவதும் படித்தால் அவ்வாறு கேட்க நாணம் வரும். ஏனெனில் அதில் சுமந்தவரைப் பற்றி இருப்பதைப் போலவே, அவர்களின் சுமையை இறக்கி வைத்தவர்களைப் பற்றியும் இருக்கிறது.

சுமையை இறக்கியவர்கள்

முதலாவது, அண்டை வீட்டார். அஸ்மா (ரலி) அவர்களுக்கு மாவு பிசையத் தெரியும். ரொட்டி நன்றாகச் சுட வராது. இதைச் சொல்வதில் அவர்களுக்கு வெட்கமிருக்கவில்லை. பக்கத்து வீடுகளிலிருந்த அன்ஸாரிப் பெண்கள் அவர்களுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தார்கள். அப்பெண்களின் நல்ல குணத்தை அஸ்மா (ரலி) அவர்கள் வாயாரப் புகழ்ந்திருக்கிறார்கள். இன்று சமையல் சரியாக வராத மருமகளைப் பற்றி அண்டை வீடுகளில் என்ன பேச்சு நடக்கிறது என்பதை நாம் அறிவோம். மதீனாவில் பேச்சு நடக்கவில்லை. ரொட்டி வந்து சேர்ந்தது.

இரண்டாவது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள். ஒருநாள் கொட்டைச் சுமையுடன் வந்துகொண்டிருந்த அஸ்மா (ரலி) அவர்களை, அன்ஸாரிகள் சிலருடன் வந்த நாயகம் (ஸல்) அவர்கள் கண்டார்கள். உடனே தம் ஒட்டகத்தை மண்டியிடச் செய்து, பின்னால் ஏறிக்கொள்ளுமாறு அழைத்தார்கள். ஆடவர்களோடு செல்ல அஸ்மா (ரலி) அவர்களுக்கு நாணமாக இருந்தது. கணவரின் ரோஷ குணமும் நினைவுக்கு வந்தது. அந்தத் தயக்கத்தைப் புரிந்துகொண்ட நாயகம் (ஸல்) அவர்கள், வற்புறுத்தாமல் மேலே சென்றார்கள். உதவ முன்வந்ததும் அழகு. அவரது மனத்தை மதித்து விட்டுக்கொடுத்ததும் அழகு.

மூன்றாவது, கணவர். வீடு வந்த அஸ்மா (ரலி) அவர்கள் நடந்ததை மறைக்காமல் சொன்னார்கள். ரோஷத்துக்குப் பெயர் போன ஸுபைர் (ரலி) அவர்கள், நீ நாயகத்துடன் வாகனத்தில் ஏறி வந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வருத்தம் இருந்திருக்காது, நீ இந்தக் கொட்டைகளைச் சுமந்து வருவதுதான் எனக்கு அதைவிடக் கடினமாக இருக்கிறது என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். மனைவி சுமப்பது தம் உரிமை என அவர்கள் எண்ணவில்லை. அது தம் நெஞ்சில் ஏறிய பாரம் என்று எண்ணினார்கள்.

நான்காவது, தந்தை. மகளின் சிரமத்தைக் கண்ட அபூபக்கர் (ரலி) அவர்கள் குதிரையைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொள்ள ஒரு பணியாளை அனுப்பி வைத்தார்கள். அது தமக்கு அடிமைத்தளையிலிருந்து விடுதலை கிடைத்ததுபோல் இருந்தது என்று அஸ்மா (ரலி) அவர்கள் மகிழ்ந்து நினைவுகூர்ந்தார்கள்.

இந்த ஹதீஸுக்கு விளக்கம் எழுதிய இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், ரொட்டி சுடுதல், துணி துவைத்தல் போன்ற பணிகள் மனைவி மனமுவந்து செய்யும் உபகாரமும் நற்பண்புமே அன்றி, அவள்மேல் சுமத்தப்பட்ட கடமையல்ல என்று தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். சட்ட மேதைகள் சிலர் இதில் வேறு கருத்துக் கொண்டிருந்தாலும், மனைவியின் சக்திக்கு மீறிச் சுமத்தலாம் என்று அவர்களில் எவரும் கூறவில்லை. நம் இல்லத்தில் அன்றாடம் கிடைக்கும் சோறும் துவைத்த துணியும் உபகாரமாக வந்தவை என்று ஆண்கள் உணர்ந்தாலே போதும். பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

எல்லா வீட்டுக்கும் பணியாள் கிடைக்காது என்பதும் உண்மையே. நாயகத்தின் அருமை மகளார் பாத்திமா (ரலி) அவர்கள் திரிகை அரைத்துக் கை காய்த்துப் போய்ப் பணியாள் கேட்டபோது, உறங்கப் போகும்முன் ஓதும் தஸ்பீஹையே தந்தையார் கற்றுக் கொடுத்தார்கள். 33 தடவை ஸுப்ஹானல்லாஹ், 33 தடவை அல்ஹம்துலில்லாஹ், 34 தடவை அல்லாஹு அக்பர். களைத்துப் படுக்கையில் சாய்ந்த பின்னும் ஒரு தாயால் ஓத முடிந்த இபாதத் அது. மார்க்கம் தாயைத் தேடி அவள் படுக்கைக்கே வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

தாய்க்கும் மகள்தான்

அஸ்மா (ரலி) அவர்களின் தாயார் குதைலாவை அபூபக்கர் (ரலி) அவர்கள் இஸ்லாத்துக்கு முன்பே தலாக் கூறியிருந்தார்கள். குறைஷியருடன் ஹுதைபிய்யா உடன்படிக்கை நிலவிய காலத்தில் அந்த அம்மையார் மகளைக் காண மதீனா வந்தார். அவர் இஸ்லாத்தைத் தழுவாதவர். மகளின் உள்ளம் இரு பக்கமும் இழுபட்டது. தாயை வீட்டுக்குள் அழைக்கலாமா, அவருக்கு ஏதும் கொடுக்கலாமா என்று தாமாக முடிவு செய்யாமல், நாயகத்திடம் கேட்டார்கள். தாயோடு உறவைப் பேணிக்கொள்ளுமாறு கட்டளை பிறந்தது. நம்மோடு மார்க்கப் பகைமை கொண்டு போரிடாதவர்களுக்கு நன்மை செய்வதை அல்லாஹ் தடுக்கவில்லை என்னும் ஸூரா மும்தஹினாவின் எட்டாம் வசனம் இது தொடர்பாகவே அருளப்பெற்றது என்று விரிவுரையாளர்கள் சிலர் கூறுகின்றனர்.

சந்தேகம் வந்தால் கேட்டுத் தெளிவது அவர்களின் வழக்கம். துணியில் பட்ட மாதவிடாய் இரத்தத்தை எப்படிச் சுத்தம் செய்வது என்ற கேள்வியும் அதற்கு நாயகம் (ஸல்) அவர்கள் தந்த விடையும் அவர்கள் மூலமாகத்தான் நம்மை வந்தடைந்துள்ளன. நாணம் ஈமானின் ஒரு பகுதியே. ஆயினும் மார்க்கத்தைக் கற்பதற்கு அந்த நாணம் அவர்களுக்குத் தடையாகவில்லை.

எண்ணிப் பார்க்காத கை

கணவர் கொண்டு வருவதைத் தவிரத் தம்மிடம் வேறு பொருளில்லை, அதிலிருந்து தர்மம் செய்யலாமா என்றும் நாயகத்திடம் கேட்டார்கள். முடிந்ததைக் கொடுக்கவும், கணக்குப் பார்த்து முடிந்து வைக்காமல் இருக்கவும், அப்படி முடிந்து வைத்தால் அல்லாஹ்வும் தன் அருளை முடக்கிவிடுவான் என்றும் உபதேசம் கிடைத்தது. அதன்பின் அவர்கள் நாளைக்கென்று எதையும் எடுத்து வைத்ததில்லை. சிற்றன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்துப் பின் பங்கிட்டுக் கொடுப்பார்கள், தம் தாயோ கையில் வந்ததை அன்றே கொடுத்துவிடுவார்கள் என்று மகன் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள்.

குடும்பம் நடத்தும் சாதுரியமும் அவர்களுக்கு இருந்தது. ஒருநாள் ஓர் ஏழை மனிதர் வந்து, அவர்கள் வீட்டு நிழலில் அமர்ந்து வியாபாரம் செய்ய அனுமதி கேட்டார். தாம் அனுமதித்தால் கணவருக்குப் பிடிக்காமல் போகலாம் என்பதை அஸ்மா (ரலி) அவர்கள் அறிந்திருந்தார்கள். கணவர் வீட்டில் இருக்கும்போது வந்து கேட்குமாறு அவரிடம் சொல்லி அனுப்பினார்கள். அவரும் அவ்வாறே வந்து கேட்டார். மதீனாவில் உமக்கு என் வீட்டை விட்டால் வேறு இடம் கிடைக்கவில்லையா என்று அஸ்மா (ரலி) அவர்கள் கடிந்துகொள்வதுபோல் பேசினார்கள். உடனே ஸுபைர் (ரலி) அவர்களே குறுக்கிட்டு, ஓர் ஏழை பிழைத்துப் போவதை ஏன் தடுக்கிறாய் என்றார்கள். கணவரின் மனமும் கோணவில்லை. ஏழைக்கும் நிழல் கிடைத்தது.

உடலுக்கும் உரிமை உண்டு

இனி நாம் அவசியம் கவனிக்க வேண்டிய பகுதிக்கு வருவோம்.

நாயகத்தின் காலத்தில் ஒருமுறை சூரிய கிரகணம் ஏற்பட்டது. கிரகணத் தொழுகையில் நிலை மிக நீண்டது. பின்னால் நின்று தொழுத அஸ்மா (ரலி) அவர்களுக்கு மயக்கம் வருவதுபோல் இருந்தது. உட்கார்ந்துவிடலாமா என்று எண்ணினார்கள். அருகில் தம்மைவிடப் பலவீனமான ஒரு பெண் நின்று தொழுவதைப் பார்த்து, இவரே நிற்கும்போது நாம் நிற்கலாமே எனத் தம்மைத் தேற்றிக்கொண்டார்கள். அதேசமயம் பக்கத்திலிருந்த துருத்தியிலிருந்து தண்ணீர் எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார்கள். இபாதத்தை விடவுமில்லை, மயக்கத்தைப் பொருட்படுத்தாமல் விழுந்துபோகவுமில்லை.

பிற்காலத்தில் ஹஜ்ஜுக்குச் சென்றபோது முஸ்தலிஃபாவில் இரவு நின்று தொழுதார்கள். நிலா மறைந்துவிட்டதா என்று உடனிருந்த ஊழியரிடம் இடையிடையே கேட்டார்கள். மறைந்தது என்றதும் மினாவுக்குப் புறப்பட்டுக் கல்லெறிந்துவிட்டு, தம் தங்குமிடம் திரும்பி ஸுப்ஹு தொழுதார்கள். இருட்டிலேயே வந்துவிட்டோமே என்று ஊழியர் ஐயுற்றபோது, பெண்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் இந்தச் சலுகையை வழங்கியிருக்கிறார்கள் என்று விளக்கினார்கள். கூட்ட நெரிசலில் நசுங்கினால்தான் ஹஜ்ஜு நிறைவாகும் என்று அவர்கள் நினைக்கவில்லை. அல்லாஹ்வும் ரஸூலும் தந்த சலுகையைச் சலுகையாகவே ஏற்றுக்கொண்டார்கள்.

காய்ச்சல் கண்ட பெண்களை அவர்களிடம் அழைத்து வருவார்கள். அஸ்மா (ரலி) அவர்கள் துஆச் செய்து, கழுத்துப் பக்கமாகத் தண்ணீரை ஊற்றுவார்கள். காய்ச்சலின் வெப்பத்தைத் தண்ணீரால் தணிக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்திருப்பதாகவும் சொல்வார்கள். துஆவும் உண்டு, தண்ணீரும் உண்டு. துஆ இருக்கும்போது மருந்தெதற்கு என்று இருந்துவிடும் நம்மவர்கள் சிலர் இதைச் சிந்திக்க வேண்டும்.

அவர்களுக்குத் தலைவலி வருவதுண்டு. அப்போது தலையில் கைவைத்து, இது என் பாவத்தினால் வந்தது, அல்லாஹ் மன்னித்து விடுவதோ இதைவிட அதிகம் என்று சொல்வார்கள். நோயுற்றால் தம்மிடமிருந்த அடிமைகளை விடுதலை செய்துவிடுவார்கள். நோயை மறைத்ததுமில்லை, நோயைச் சொல்லிப் புலம்பியதுமில்லை. அதை இறைவனை நெருங்கும் ஒரு வாயிலாக ஆக்கிக்கொண்டார்கள்.

நம் தாய்மார்களுக்கு இங்கே ஒரு சட்டத்தை நினைவூட்டுவது பொருந்தும். கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் தமக்கோ குழந்தைக்கோ தீங்கு வருமென அஞ்சினால், ரமளான் நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்துகொள்ள அனுமதி உண்டு. ஹனபி மத்ஹபில் களாச் செய்தால் போதும். ஷாபிஈ மத்ஹபில் குழந்தைக்காக மட்டும் அஞ்சி விட்டிருந்தால் களாவுடன் பித்யாவும் கொடுக்க வேண்டும். இந்த அனுமதி இருக்க, மருத்துவர் எச்சரித்த பின்னும் மயங்கி விழுந்து நோன்பு நோற்பதைப் பேணுதல் என்று சொல்ல முடியாது. மாமியார் என்ன சொல்வாரோ என்ற அச்சத்தில் ஒரு கர்ப்பிணி சலுகையை விட்டால், அந்தப் பொறுப்பில் அந்த வீட்டாருக்கும் பங்குண்டு.

மடியில் வளர்ந்த மாணவர்கள்

அஸ்மா (ரலி) அவர்களுக்கு ஆண்மக்களும் பெண்மக்களுமாகப் பல பிள்ளைகள். மூத்தவர் அப்துல்லாஹ் (ரலி) வீரத்திலும் தொழுகையிலும் பெயர் பெற்றவர். உர்வா (ரஹ்) அவர்கள் மதீனாவின் ஏழு பெரும் சட்ட மேதைகளில் ஒருவர். தாயிடமும் சிற்றன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடமும் ஹதீஸைக் கற்றுப் பின்வந்த உலகுக்கு அளித்தவர். அஸ்மா (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸ்கள் 58 எனக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றைக் கேட்டு அறிவித்தவர்களில் பலர் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே. இபாதத்துக்குப் பிள்ளைகள் தடை என்று அவர்கள் எண்ணியிருந்தால், அந்த மடி மதரஸாவாகியிருக்காது.

அவர்களின் வழித்தோன்றல்களில் ஒருவர் ஒருநாள் அவர்களைக் காணச் சென்றபோது, தொழுகையில் நின்று, ஸூரா தூரில் நரக வேதனையிலிருந்து அல்லாஹ் காத்ததைக் கூறும் ஒரு வசனத்தை ஓதி, அங்கேயே நின்று துஆக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கடைத்தெருவுக்குப் போய் வேலையை முடித்துக்கொண்டு திரும்பினார். அப்போதும் அதே நிலையில் இருந்தார்கள். பிள்ளைகள் சிறுவர்களாய் இருந்த காலத்தில் கொட்டை சுமந்து சேர்த்த நன்மையும், முதுமையில் ஓய்வு கிடைத்தபோது நீண்டு நின்ற தொழுகையும் ஒரே வாழ்வின் இரண்டு பருவங்கள். எல்லாப் பருவத்துக்கும் இபாதத்தின் வடிவம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பர்ளு எந்தப் பருவத்திலும் குறையக் கூடாது. நபிலுக்கோ அதனதன் காலம் உண்டு.

பிற்காலத்தில் ஸுபைர் (ரலி) அவர்களிடமிருந்து தலாக் பெற்று, மகன் அப்துல்லாஹ்வுடன் வாழ்ந்தார்கள். கண்பார்வையும் போயிற்று. இராக்கிலிருந்து வந்த மகன் முன்திர் விலையுயர்ந்த மெல்லிய ஆடையொன்றைக் கொடுத்தபோது, கையால் தடவிப் பார்த்து, உடலின் அமைப்பைக் காட்டும் ஆடை எனக்கு வேண்டாமென்று மறுத்தார்கள். தடித்த ஆடையைக் கொடுத்தபின் ஏற்றுக்கொண்டார்கள்.

கடைசிச் சோதனை

ஹிஜ்ரி 73, கி.பி. 692. மக்காவை ஹஜ்ஜாஜின் படை முற்றுகையிட்டிருந்தது. உள்ளே அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்களின் ஆதரவாளர்கள் நாளுக்கு நாள் குறைந்து வந்தார்கள். அஸ்மா (ரலி) அவர்கள் நோயுற்றுப் படுத்திருந்தார்கள். நலம் விசாரிக்க வந்த மகன், மரணத்தில் நிம்மதி இருக்கிறது என்று சொன்னார்கள். நான் இறந்துபோக வேண்டுமென விரும்புகிறாயோ என்று கேட்ட தாய், உன் முடிவு எதுவெனத் தெரியும்வரை சாக விரும்பவில்லை என்றார்கள். நீ ஷஹீதானால் அல்லாஹ்விடம் நன்மையை ஆதரவு வைப்பேன், வென்றால் என் கண் குளிரும் என்ற கருத்தில் பேசினார்கள். மரணத்துக்கு அஞ்சி, உனக்குப் பொருந்தாத ஏற்பாடு எதற்கும் இணங்கிவிடாதே என்றும் அறிவுறுத்தினார்கள்.

இறுதியாக மகன் விடைபெற வந்தார்கள். கொல்லப்பட்டபின் தம் உடலைச் சிதைத்துவிடுவார்களே என்ற கவலையை வெளியிட்டார்கள். அறுக்கப்பட்ட ஆட்டுக்குத் தோலுரிப்பதால் வலிக்குமா என்ற பொருளில் தாய் மனத்தைத் திடப்படுத்தினார்கள். பார்வையற்ற அந்த மூதாட்டி மகனைக் கட்டி அணைத்தபோது, கையில் போர்க்கவசம் தட்டுப்பட்டது. ஷஹாதத்தை நாடுபவனுக்கு இது எதற்கு என்று கேட்டார்கள். மகன் அதைக் கழற்றிவிட்டுச் சென்று, அன்றே ஷஹீதானார்கள்.

மகனின் உடல் தூக்கி நிறுத்தப்பட்டது. தன்னிடம் வருமாறு ஹஜ்ஜாஜ் ஆளனுப்பியும் தாய் போகவில்லை. இழுத்து வரச் செய்வேன் என்று மிரட்டியும் பயனில்லை. முடிவில் அவனே அவர்களைத் தேடி வந்தான். ஸகீஃப் கோத்திரத்தில் ஒரு பொய்யனும் ஓர் அழிவுக்காரனும் தோன்றுவார்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் முன்னறிவித்திருப்பதை நினைவூட்டி, பொய்யனை நாங்கள் பார்த்துவிட்டோம், அழிவுக்காரன் நீதான் என்று முகத்துக்கெதிரே சொன்னார்கள். அவன் மறுமொழியின்றி எழுந்து போனான்.

பின்னர் உடல் இறக்கப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. அதன்பின் சில நாட்களிலேயே அஸ்மா (ரலி) அவர்களும் வபாத்தானார்கள். வயது சுமார் நூறு. ஒரு பல்கூட விழவில்லை; அறிவில் சிறிதும் தடுமாற்றம் வரவில்லை என்று குடும்பத்தார் கூறியிருக்கிறார்கள்.

நாம் பெறும் பாடம்

அபூஜஹ்லின் அறைக்கும் ஹஜ்ஜாஜின் மிரட்டலுக்கும் இடையில் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடின. அந்த ஆண்டுகள் பெரும்பாலும் மாவிலும் தண்ணீரிலும் பிள்ளைகளிலும் நோயிலுமே கழிந்தன. அங்கேதான் அந்த ஈமான் வளர்ந்தது.

தாய்மார்களே! உங்கள் அடுப்பங்கரை வேலையை நிய்யத்தோடு செய்யுங்கள். அது நன்மையாகப் பதியும். பர்ளை நேரத்தில் நிறைவேற்றுங்கள். உடல் தளர்ந்தால் மார்க்கம் தந்த சலுகையைத் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். தெரியாததைக் கேட்டுத் தெளியுங்கள். உதவி தேவைப்பட்டால் சொல்லுங்கள்; ரொட்டி சுட வராது என்று சொல்ல அஸ்மா (ரலி) அவர்கள் வெட்கப்படவில்லை.

ஆண்களுக்கும் ஒரு சொல். அஸ்மா (ரலி) அவர்களைப் போன்ற மனைவி வேண்டுமென்று விரும்புவோர், முதலில் ஸுபைர் (ரலி) அவர்களைப் போல மனைவியின் சுமையைத் தம் நெஞ்சில் உணரட்டும். அத்தகைய மகள் வேண்டுமென்போர், அபூபக்கர் (ரலி) அவர்களைப் போல, மணமுடித்துக் கொடுத்த பின்னும் மகளின் சிரமத்தை விசாரிக்கட்டும். அண்டை வீட்டார் அன்ஸாரிப் பெண்களைப் போல் இருக்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் தாய்மார்களுக்கு உடல் நலத்தையும், உள்ளத்தில் ஈமானின் உறுதியையும், இல்லத்தில் பரக்கத்தையும் தந்தருள்வானாக! அவர்களின் சுமையை இறக்கி வைக்கும் நல்ல தௌஃபீக்கை நம் எல்லோருக்கும் நல்குவானாக! ஆமீன்.